அச்சு பிசகாத மரை

அம்பத்தூர்ப் பட்டறைகளைப் பற்றிப் பேசுபவர்கள், கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் சாமர்த்தியத்தையே பெரிதும் புகழ்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. இந்தப் பகுதியின் வரலாற்றைப் பார்த்தால், ஒப்பேற்றல் எடுபடாத வேலைகள்தான் இங்கே குவிந்தன. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1961-இல் அமைந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து, பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பிலான விஜயந்தா டாங்கி 1965-இல் வெளிவந்தது. 1960களின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் போல்ட்டும் நட்டும் செய்யத் தொடங்கியது. அதே ஆவடியில் 1980களின் இறுதியில் மெட்ரிக் அளவிலான சோவியத் டி-72 டாங்கிகள் உருவாயின. நாடு 1956-லேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் இயற்றியிருந்தாலும், பழைய இயந்திரங்களின் மரை சட்டத்துக்காக மாறிவிடவில்லை. 1841-இல் பொறியாளர் விட்வொர்த் வகுத்த 55 பாகை மரையும், 1948-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒப்புக்கொண்ட 60 பாகை மரையும், மெட்ரிக் மரையும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. 3/8 அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கும் அதே அளவு 60 பாகை யூ.என்.சி. போல்ட்டுக்கும் அங்குலத்துக்கு 16 மரைதான். ஒன்றின் இடத்தில் மற்றொன்று கையாலேயே ஏறிவிடும். ஆனால் கோணம் பொருந்தாததால் மரையின் முழுப் பக்கமும் பாரம் தாங்காது. இறுக்க இறுக்க ஒருநாள் மரை உரிந்து வந்துவிடும்.

உரிந்த மரையைச் சீர்செய்யும் வழி சொல்வதற்கு எளிது. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே மரையுள்ள புஷ்ஷைத் திருகலாம். அல்லது இரண்டாம் உலகப் போர்க்கால அலுமினிய விமான எஞ்சின்களில் பரவிய ஹெலிகாயில் சுருளைச் செலுத்தலாம். இரண்டிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது உள்மரை வெட்டும் டேப் எந்த அச்சில் இறங்குகிறது என்பதே. 20 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், அடியில் 0.35 மில்லிமீட்டர் விலகிவிடும். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான உள்மரையின் உயரமே ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர்தான். போல்ட்டின் தலை ஒரு விளிம்பில் மட்டும் உட்காரும்; இறுக்கும்போது போல்ட் வளையும். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. கோணலாகிப்போன பழைய துளைக்குள் ட்ரில்லை விட்டால், அது அந்தக் கோணலையே பின்பற்றும். அதனால் விவரமறிந்தவர்கள் துளையை நம்புவதில்லை. பாகத்தின் சேதமில்லாத முகத்தையோ பக்கத்து நல்ல துளையையோ ஆதாரமாகப் பிடித்து, டயல் கேஜ் வைத்து நேர்பார்த்து, போரிங் டூலால் துளையை மீண்டும் நேராக்குவார்கள். பிறகு டேப்பின் தலையிலுள்ள மையக்குழியை இயந்திரத்தின் சென்டரால் தாங்கியபடி கையால் திருப்புவார்கள்.

இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிமத் தட்டுப்பாடும் பெற்ற பிள்ளைதானே இந்தக் கைவேலை என்று கேட்கலாம். பழுதுபார்க்க வேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பழுதுபார்த்த மரை ஏன் நிலைத்தது என்பதற்குத் தட்டுப்பாடு விடை சொல்லாது. வறுமை டேப்பை நேராகப் பிடிக்கக் கற்றுத்தராது. பெரிய ஆலைகளிடமிருந்து சிறு பட்டறைகள் கற்றன என்பது இதைவிட வலுவான வாதம். சீரான அளவும் கண்டிப்பான பரிசோதனையும் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த பழக்கத்தால் பட்டறைகளுக்கு வந்திருக்கும் என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஆலையில் ஜிக் இருக்கிறது. ஆயிரம் பாகங்களுக்கும் அது ஒரே அச்சைக் காட்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்றுபோன லாரியின் சிலிண்டர் ஹெட்டுக்கு ஜிக் கிடையாது. அதற்கான அச்சைப் பழுதுபார்ப்பவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடலை ஆலையின் ஒழுங்கு முழுமையாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் அதன்வழி வந்த ஐ.டி.ஐ.களும், அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. உட்பட, அந்தத் தேடலுக்குப் பழக்கியதில் பெற வேண்டிய பெருமையை இன்னும் பெறவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது சி.என்.சி. இயந்திரம் மரையை மில்லிங் முறையிலேயே வெட்டிவிடுகிறதே என்பது கடைசி மறுப்பு. அதன் ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்துதான். ஆனால் உடைந்த பாகம் மேசையில் எப்படி உட்கார வேண்டும், அதன் எந்த முகம் வளையாமல் மிஞ்சியிருக்கிறது என்பதை இயந்திரம் தானாக அறியாது. ஃபிட்டர் வகுப்பில் அரம் பிடிக்கும் நேரத்தைப் பழையது என்று குறைக்கச் சொல்பவர்களோடு எனக்கு அதனால்தான் உடன்பாடில்லை. மூலைமட்டத்தை ஒருமுறை வைத்துவிட்டு, அதற்குக் குறுக்கே திருப்பி இன்னொரு முறையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஒருவர் பழகுவது அரம் பிடிக்கும் அந்த மேசையில்தான்.