வரி வடித்த வெள்ளி: இங்கிலாந்தின் தேயிலைச் சிமிழ்களும் கரண்டிகளும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வெள்ளித் தேயிலைச் சிமிழ்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாணி மாற்றத்தையே பேசுகின்றனர். ஆன் அரசி காலத்து எளிமை, அதன்பின் ரொக்கோகோ, அதன்பின் ஆடம் சகோதரர்களின் செவ்வியல் ஒழுங்கு என்று அந்த வரிசை போகும். இந்தப் பகுப்பில் பிழையில்லை. ஆனால் சிமிழ் ஏன் பூட்டுக்குள் போனது, தகடு ஏன் மெலிந்தது, குட்டைக் கைப்பிடிக் கரண்டி ஏன் திடீரெனப் பெருகியது என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடைக்காது. தேயிலை மீதும் வெள்ளி மீதும் விதிக்கப்பட்ட வரிகளிலேயே அந்த விடை பெரிதும் அடங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சாமுவேல் பீப்ஸ் 1660 செப்டம்பர் 25 அன்று சீனப் பானமாகிய தேநீரை அருந்தியதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தாமஸ் ட்வைனிங் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் கடை தொடங்கிய 1706இலும் தேயிலை செல்வர் வீட்டுப் பண்டமாகவே இருந்தது. அக்காலச் சிமிழ்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினவை. எண்கோணமாகவோ செவ்வகமாகவோ எழும் உடல், சீனப் பீங்கான் சாடியை ஒத்த தோள், குறுகிய கழுத்து, அதன்மேல் கவிகை மூடி. அந்த மூடியைக் கழற்றி அதிலேயே தேயிலையை அளந்து கொட்டினார்கள். கழுத்து வழியாக இலையை நிரப்புவது கடினம் என்பதால், பலவற்றில் அடித்தகடோ மேல்தகடோ பக்கவாட்டில் நகரும்படி அமைந்திருக்கும். சிமிழும் மூடியும் அளவையும் ஒரே பொருளாக இருந்த காலம் அது. தனிக் கரண்டிக்கு அங்கே வேலையில்லை.

இந்தத் தொடக்கக் காலச் சிமிழ்களில் பல 95.8 சதவீத மாற்றுள்ள வெள்ளியால் ஆனவை. நாணயங்களை உருக்கிப் பாத்திரமாக்குவதைத் தடுக்க, 1697இல் பாத்திர வெள்ளியின் மாற்றை நாணய வெள்ளியைவிட உயர்த்தினார்கள். பிரிட்டானியா உருவ முத்திரை அப்போது வந்தது. பழைய 92.5 சதவீத மாற்றுக்கு 1720இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. கூடவே அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரியும் வந்தது.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிழ்கள் தொகுதிகளாயின. பச்சைத் தேயிலைக்கு ஒன்று, பொஹீ எனப்பட்ட கருந்தேயிலைக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என மூன்றையும் மஹோகனி அல்லது சுறாத்தோல் போர்த்திய பேழையில் வைத்துப் பூட்டினார்கள். சாவி வீட்டுத் தலைவியிடம் இருக்கும். ஹ்யூகனாட் குடும்பத்தில் பிறந்து லண்டனில் தொழில் செய்த பால் டி லாமெரி (1688–1751) போன்றோரின் பட்டறைகளில் உருவானவை இவ்வகையின் உச்சம். அந்தப் பூட்டு அலங்காரத்துக்கு வைத்ததல்ல. தேயிலை மீது ஏறிக்கொண்டே போன வரி, 1780களின் தொடக்கத்தில் சராசரியாக 119 சதவீதத்தைத் தொட்டிருந்தது. நாட்டில் குடித்த தேயிலையில் பெரும்பங்கு கள்ளக்கடத்தலில் வந்தது.

திருப்பம் 1784இல் நேர்ந்தது. தேயிலை வணிகர் ரிச்சர்ட் ட்வைனிங்கின் ஆலோசனையைக் கேட்ட பிரதமர் வில்லியம் பிட், தேயிலை வரியை ஒரேயடியாக 12.5 சதவீதமாகக் குறைத்தார். இழப்பை ஈடுகட்ட ஜன்னல் வரியைக் கூட்டினார். சட்டப்படி விற்ற தேயிலை ஓராண்டுக்குள் இருமடங்குக்கு மேல் பெருகியது. அதே 1784 டிசம்பர் 1 முதல், இடையில் நீக்கப்பட்டிருந்த வெள்ளி வரியும் அவுன்ஸுக்கு 6 பென்ஸாகத் திரும்பி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலை முத்திரை பொறிக்கப்பட்டது. உள்ளே வைக்கும் பண்டத்தின் விலை இறங்கிய ஆண்டிலேயே, அதை வைக்கும் கலத்தின் விலை ஏறியது. ஆய்வாளர்கள் இந்த இரு சட்டங்களையும் தனித்தனியே பேசுவதால் இவற்றின் கூட்டு விளைவு கண்ணில் படாமலே போய்விடுகிறது.

விளைவு பொருளிலேயே தெரிகிறது. உருளை ஆலையில் சீராக மெலிந்த தகட்டை வளைத்து, ஓரிடத்தில் பற்றவைத்துச் செய்த முட்டைவடிவச் சிமிழ்கள் பெருகின. கீல் மூடியும் பூட்டும் சிமிழிலேயே பொருந்தின. 1761இல் தம் முத்திரையைப் பதிவுசெய்து 1790 வரை பட்டறை நடத்திய ஹெஸ்டர் பேட்மன் பெயரால் கிடைக்கும் சிமிழ்கள் இதற்கு நல்ல சான்று. கனத்தில் குறைந்ததை, ஒளியைச் சிதறடிக்கும் நுண்ணிய செதுக்கு வேலை ஈடுகட்டியது. வாய் அகன்று மூடியும் கீலோடு ஒட்டிக்கொண்டதால் மூடியால் அளப்பது முடியாமற் போனது. இந்த மாற்றம் 1784க்கு முன்பே தொடங்கிவிட்டது உண்மை. எனினும் 1770களில் தலைகாட்டிய தேயிலைக் கரண்டி அந்த ஆண்டுக்குப் பின்பே எங்கும் பரவியது.

கரண்டிகளின் தாயகம் பர்மிங்காம். மேத்யூ போல்டனின் முயற்சியால் 1773இல் அங்கே மாற்றுப் பார்க்கும் நிலையம் அமைந்தது. நங்கூரம் அதன் முத்திரை. சாமுவேல் பெம்பர்டன், ஜோசப் டெய்லர், மேத்யூ லின்வுட் ஆகியோர் எஃகு அச்சில் மெல்லிய தகட்டை அழுத்தி இலை, சிப்பி, கை, கழுகுச் சிறகு என்று எண்ணற்ற வடிவங்களை வார்ப்பின்றி உருவாக்கினர். சேகரிப்போர் மிகவும் விரும்புவது குதிரைப் பந்தயக்காரரின் தொப்பி வடிவம். தொப்பியின் குழிவு தேயிலையை அள்ளும், முன்விளிம்பு கைப்பிடியாகும். கைப்பிடி என்று தனி உறுப்பே இல்லாமல் கரண்டியைச் சிந்தித்த அந்தக் கைவினைஞரின் அறிவை நான் வியக்கிறேன். 5 பென்னிவெயிட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 7.8 கிராமுக்குக் குறைந்த பல சிறுபொருள்களுக்கு முத்திரையிலிருந்து விலக்களித்த 1790ஆம் ஆண்டுச் சட்டம், தேயிலைக் கரண்டிக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. இத்தனை சிறிய பொருளிலும் முழு முத்திரை வரிசையை நாம் காண்பதற்கு அதுவே காரணம்.

பூட்டு மறைந்த கதைக்கு நம்மவரோடும் தொடர்புண்டு. 1839 ஜனவரியில் அசாம் தேயிலை லண்டனில் ஏலத்துக்கு வந்தது. இலங்கையின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களின் மிகக் குறைந்த கூலியில் விளைந்த இலை, இங்கிலாந்தின் எளிய வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பொட்டலத் தேயிலை அடுப்பங்கரைக்கு வந்தபின் வெள்ளிச் சிமிழைப் பூட்டிவைக்க அவசியமில்லை. வெள்ளிச் சிமிழின் வரலாற்றை எழுதும்போது இந்த உழைப்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சேகரிக்க விரும்புவோர் முத்திரைகளைப் பாணிக்கு முன்பே படிக்கப் பழக வேண்டும். 1784 டிசம்பர் முதல் 1786 வரையிலான அரசர் தலை உட்குழிந்து இடப்புறம் நோக்கும்; அதன்பின் புடைத்து வலப்புறம் நோக்கும். பழைய தேக்கரண்டியின் காம்பை வெட்டி, குழிவை அடித்து விரித்துத் தேயிலைக் கரண்டியாக விற்கும் மோசடி நெடுநாளாக நடக்கிறது. அடித்த இடத்தில் முத்திரை இழுபட்டிருந்தால் வாங்க வேண்டாம். சிமிழின் உடலில் முழு வரிசை இருந்து, கழற்றும் மூடியில் ஒரு முத்திரைகூட இல்லையென்றால் மூடி பிற்காலத்தது என்று ஐயுறலாம். குலமுத்திரையைச் சுரண்டிய இடத்தில் வெள்ளி மெலிந்து, விரலால் அழுத்தினால் அசையும். அப்படிப்பட்ட சிமிழ் எத்தனை அழகாக இருந்தாலும் முழு விலைக்குத் தகாது.