சதுரங்கப் பட்டம்: வழங்கியதும் ஈட்டியதும்

புலமைக்குப் பட்டம் சூட்டும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஆயின், பட்டம் பெற்றவர் யார் என்று கேட்பதோடு, எதனை அளவுகோலாகக் கொண்டு அது வழங்கப்பெற்றது என்றும் கேட்பதே அறிவுடைமையாகும். சதுரங்க ஆட்டத்தில் மாஸ்டர் பட்டங்கள் வளர்ந்த வரலாறு இக்கேள்வியின் அருமையை நன்கு உணர்த்தும்.

அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனம் 1924-ஆம் ஆண்டு பாரிசில் தோன்றியது. ‘கிராண்ட்மாஸ்டர்’ என்னும் சொல் அதற்கு முன்னரே வழக்கில் இருந்தது. ஆயினும், அது போற்றுவோர் தத்தம் விருப்பம்போல் சூட்டிய புகழுரையே. 1950-இல்தான் சம்மேளனம் அப்பட்டத்தை முறைப்படி 27 பேருக்கு அளித்தது. அவர்களுள் ஒருவர் போலந்து நாட்டில் பிறந்த அகிபா ரூபின்ஸ்டைன். 1932-க்குப் பின் பெரும் போட்டி எதிலும் அவர் ஆடியதில்லை. எனினும், 1912-இல் அவர் குவித்த வெற்றிகள் மறக்கப்படவில்லை. அவருக்குப் பட்டம் கிடைத்தது முறையே.

ஆனால், அப்பட்டியலில் மீர் சுல்தான் கான் பெயர் இல்லை. பஞ்சாபில் பிறந்த இவர், நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் வாழ்ந்தவர். முதலில் பயின்றது இந்திய முறை ஆட்டம். காலாள் தன் முதல் நகர்வில் இரு கட்டம் பாயும் ஐரோப்பிய விதி அதில் இல்லை. 1929-இல் புரவலருடன் இலண்டன் சென்ற அவர், அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடினார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கப்பாபிளாங்காவை வென்றார். 1931-இல் பிராக் ஒலிம்பியாடில் ரூபின்ஸ்டைனையும் தோற்கடித்தார். 1933-க்குப் பின் தாயகம் திரும்பியவர், ஐரோப்பிய அரங்கை மீண்டும் காணவில்லை. பட்டம் எதுவும் பெறாமலே 1966-இல் மறைந்தார். சம்மேளனம் அவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-இல்.

ஓர் ஆட்டத்தைக் கொண்டு இருவரையும் எடைபோடலாகாது. ஆயினும், ஓர் உண்மை தெளிவாகின்றது. அவையோரின் மதிப்பு ஒன்றையே நம்பி வழங்கும் பட்டம், அவையின் கண்ணுக்கு எட்டாதவரைச் சென்று சேர்வதில்லை.

இக்குறையைக் களைய வல்லது எழுதப்பட்ட விதியே. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய ஆர்பாட் எலோ, ஆட்டக்காரரின் வலிமையை எண்ணால் அளக்கும் முறையை வகுத்தார். சம்மேளனம் 1970-இல் அதனை ஏற்றது. இன்றைய விதிப்படி, கிராண்ட்மாஸ்டர் ஆக விரும்புவோர் ஒருமுறையேனும் 2500 தரப்புள்ளியை எட்டுதல் வேண்டும். அனைத்துலக மாஸ்டருக்கு 2400 போதும். அத்துடன் ‘நார்ம்’ எனப்படும் தேர்ச்சிகளையும் பெறல் வேண்டும். இத்தேர்ச்சிகள் மொத்தம் 27 ஆட்டங்களுக்குக் குறையாமல் அமைதல் வேண்டும். கிராண்ட்மாஸ்டர் நார்முக்கு, அப்போட்டியில் ஆடிய திறன் 2600 அளவில் இருத்தல் வேண்டும். எதிரிகளுள் கிராண்ட்மாஸ்டர்களும் பிற நாட்டவரும் இடம்பெறுதல் பொதுவிதி. பின்னாளில் தரப்புள்ளி குறைந்தாலும் பட்டம் குறைவதில்லை.

தமிழரின் பங்கும் இங்கே குறிக்கத்தக்கது. பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மானுவேல் ஆரோன், மண்டலப் போட்டியில் ஆஸ்திரேலியரான பர்டியை வென்று, 1961-இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் ஆனார். மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் போட்டியில் அவர் கடைசி இடம் பெற்றார் என்பது மெய்யே. அங்கேயே போர்டிஷ், ஊல்மன் ஆகிய வல்லுநர்களை வீழ்த்தினார் என்பதும் மெய்யே. 1972-இல் சென்னையில் அவர் நிறுவிய தால் சதுரங்கக் கழகத்தில் பயின்ற சிறுவருள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். அவர் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதற்கு வழிசெய்த போட்டி நடந்த இடம் கோயம்புத்தூர்.

இவ்விடப்பெயரில் வரலாற்றுப் பாடம் அடங்கியுள்ளது. விதி எல்லார்க்கும் ஒன்றே. அயல்நாட்டு வல்லாரோடு பொருதும் வாய்ப்போ எல்லார்க்கும் ஒன்றன்று. சுல்தான் கான் அவ்வாய்ப்பைப் பெறப் புரவலரின் கப்பல் பயணத்தை நம்பியிருந்தார். ஆனந்துக்கோ அது சொந்த மண்ணிலேயே கிடைத்தது. திறன் ஆட்டக்காரருடையது; அத்திறன் அளக்கப்படும் களத்தை அமைத்துத் தருதல் சமுதாயத்தின் கடமை.