எந்த நூற்றாண்டின் கோட்டை? ஓ-கோனிக்ஸ்பூர் சீரமைப்பை மறுவாசிப்புச் செய்தல்

கிழக்குப் பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்தில், வோஜ் மலைத்தொடரின் விளிம்பில், ரைன் சமவெளியைப் பார்த்தபடி 757 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை. இளஞ்சிவப்பு மணற்கல் மதில்களும் சதுரக் கோபுரமும் பார்ப்பவரை 15ஆம் நூற்றாண்டுக்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன. ஆனால் கூரைகளும் மேற்கட்டுமானத்தில் பெரும்பகுதியும் 1900க்கும் 1908க்கும் இடையில் எழுந்தவை. இதனாலேயே இதைப் போலி என்று ஒதுக்குவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு அவசரப்பட்டது என்பதே என் வாதம். கட்டிய முறையில் இருந்த நேர்மைக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை. எந்தக் காலத்தை மீட்பது, எந்தக் காலத்தைத் துடைத்தெறிவது என்ற தேர்வில்தான் குறை இருக்கிறது. அதுவோ போதிய அளவு பேசப்படவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். கோட்டையைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1147ஆம் ஆண்டுக்கு உரியது. அப்போது அது ஹோஹென்ஸ்டாஃபென் மரபினர் வசம் இருந்தது. கோதுமையும் மதுவும் வெள்ளியும் உப்பும் சென்ற வணிகப் பாதைகளை இங்கிருந்து கண்காணிக்க முடிந்தது. பின்னாளில் வழிப்பறி வீரர்களின் புகலிடமாகிவிட்டதால், 1462இல் அண்டை நகரங்கள் ஒன்றுசேர்ந்து படையெடுத்து இதை அழித்தன. 1479இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் இடிபாட்டை டீர்ஸ்டைன் குடும்பத்துக்கு அளித்தார். பீரங்கி பெருகிவந்த காலம் அது. அவர்கள் மேற்கில் தடித்த சுவர்கள் கொண்ட பெருங்கொத்தளம் எழுப்பிக் கோட்டையைப் புதிய போர்முறைக்கு ஏற்றதாக்கினார்கள். 1517இல் அந்தக் குடும்பம் வாரிசின்றி முடிந்தது. முப்பதாண்டுப் போரில், 1633இல், சுவீடன் படை 52 நாள் முற்றுகையிட்டுக் கோட்டையைக் கைப்பற்றியது. அதன்பின் கோட்டை எரிந்து பாழானது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் காடுதான் அங்கே குடியிருந்தது.

1865இல் இடிபாட்டை வாங்கியது செலெஸ்தா நகரம். 1871இல் அல்சாஸ் ஜெர்மனிப் பேரரசுடன் இணைக்கப்பட்டது. 1899இல் அந்நகரம் கோட்டையைப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குப் பரிசாக அளித்தது. புதிதாகச் சேர்ந்த மண்ணின் மேற்கு எல்லையில், ஹோஹென்ஸ்டாஃபென், ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் வரிசையில் தன்னையும் நிறுத்திக்கொள்ள அவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. பணியை போடோ எபார்ட் என்ற கட்டடக்கலைஞரிடம் ஒப்படைத்தார். இருபது லட்சம் மார்க்குக்கு மேல் செலவானது. 1908 மே 13 அன்று திறப்பு விழா நடந்தது.

எபார்டின் வேலைமுறையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர் முதலில் இடிபாடுகளை அகற்றி, எஞ்சிய சுவர்களை அளந்து வரைந்தார், படமெடுத்தார். மண்ணுக்குள் கிடைத்த அடுப்போட்டுத் துண்டுகளையும் இரும்புப் பொருள்களையும் சேகரித்தார். பாதி நின்ற வளைவு, சுவரில் உத்தரம் பதிந்திருந்த குழி, படிக்கட்டின் தடம் ஆகியவற்றைக் கொண்டு மறைந்த பகுதிகளை ஊகித்தார். கல்லேற்றப் பாரந்தூக்கிகளையும், கல்சுரங்கத்திலிருந்து கல் கொண்டுவரச் சிறு நீராவி இரயிலையும் பயன்படுத்தினார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, புதிய கற்களைப் பழையவற்றிலிருந்து பிரித்தறியும்படி குறிகள் பொறிக்கச் செய்தார். ஏமாற்ற நினைப்பவன் தன் கைவேலையை இப்படி அடையாளம் காட்டிவைக்க மாட்டான். பழைய சுவர் எங்கே முடிகிறது என்று தேடுபவர் அக்குறிகளை இன்றும் காணலாம். பெரும்பாலோர் தேடுவதில்லை, தேடும்படி யாரும் அவர்களைத் தூண்டுவதும் இல்லை.

அதே ஆண்டுகளில் எதிர்க்குரலும் எழுந்தது. 1905இல், ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில், பேரரசரின் பிறந்தநாள் விழாவிலேயே, கலை வரலாற்றாளர் கேயோர்க் டெஹியோ நினைவுச்சின்னப் பாதுகாப்பைப் பற்றி உரையாற்றினார். இருப்பதைக் காக்க வேண்டும், இல்லாததை மீண்டும் படைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மலையில் பேரரசரின் கோட்டை எழும்பிக்கொண்டிருந்த வேளையில், அவர் பெயரால் நடந்த விழாவில் இதைச் சொன்னது துணிச்சலான செயல் என்றே கருதுகிறேன். டெஹியோவின் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதைக் கொண்டு மட்டும் ஓ-கோனிக்ஸ்பூரை அளந்தால், சான்றுவழி எழுந்த சுவரும் விருப்பத்தால் எழுந்த சுவரும் ஒரே குற்றப்பட்டியலில் சேர்ந்துவிடும். அவற்றைப் பிரித்தாக வேண்டும்.

மையக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அது சதுரமா வட்டமா என்று அன்றைய அறிஞர்கள் கடுமையாக மோதிக்கொண்டார்கள். எபார்ட் அடித்தளத்தைச் சான்றாகக் காட்டிச் சதுரமாகக் கட்டினார். உயரத்தைப் பற்றிய ஐயம் தீராவிட்டாலும், இங்கே நடந்தது சான்று வைத்து நடந்த வழக்கு. பேரரசர் மண்டபம் அப்படிப்பட்டதன்று. இரண்டு தளங்களுக்கு இடையே இருந்திருக்க வேண்டிய தரையைத் திரும்ப அமைக்காமல் விட்டு, விழாவுக்கேற்ற உயரமான கூடம் உருவாக்கப்பட்டது. அதன் கூரையில் அல்சாஸ் ஓவியர் லேயோ ஷ்நூக் பேரரசுக் கழுகைப் பெரிதாகத் தீட்டினார். மண்டபம் 1908ஆம் ஆண்டுக்கே உரியது. அந்த ஆண்டின் ஆவணமாக அதற்கு இணை கிடையாது. அதை இடைக்காலக் கூடமாகக் காட்டுவதுதான் தவறு.

இதைவிட ஆழமான இழப்பு ஒன்று உண்டு. டீர்ஸ்டைன் குடும்பம் கோட்டையை வைத்திருந்தது நாற்பது ஆண்டுகூட இல்லை. கோட்டை பாழாய்க் கிடந்ததோ 250 ஆண்டுகளுக்கு மேல். சீரமைப்பு அந்தக் குறுகிய காலத்தைத் தேர்ந்து நெடுங்காலத்தை அழித்தது. 1633இன் நெருப்பு என்ன செய்தது என்பதை இன்று கோட்டையின் உடலில் படிக்க முடியாது. பேரரசின் தொடர்ச்சியை நிறுவ வந்த கட்டடத்தில் தோல்விக்கு இடமில்லாமல் போயிற்று.

1919இல் கோட்டை பிரெஞ்சு அரசுக்குச் சொந்தமானது. 2007இல் பா-ரேன் மாவட்ட நிர்வாகத்திடம் சென்றது. ஆட்சி மாறியும் கழுகை யாரும் சுரண்டி எடுக்கவில்லை, நல்லவேளை. அதே மலைமுதுகில், சில நூறு அடிகள் தள்ளி, எவரும் சீரமைக்காத ஏடன்பூர் கோட்டை மரங்களுக்கிடையே இடிந்து நிற்கிறது. வருவோரில் மிகச் சிலரே அங்கே போகிறார்கள். கோட்டைச் சுற்றுலா அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் பரிந்துரை. எபார்டின் கைக்கு 1900இல் வந்தது ஏறக்குறைய எத்தகைய பொருள் என்பதை முதலில் பார்த்துவிட்டு வருபவருக்கு, பெரிய கோட்டையின் ஒவ்வொரு சுவரிடமும் சான்று கேட்கத் தோன்றும். புதிய கற்களில் அவர் பொறித்துவைத்த குறிகளும் அப்போது பயன்படத் தொடங்கும்.