பள்ளிப் பருவ நெடுந்தூர ஓட்டம்: பயிற்சி, கிராஸ் கன்ட்ரி போட்டி, உடல்நலப் பாதுகாப்பு

நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை தடுக்கி விழுவதால் ஏற்படுபவை அல்ல. பல வாரப் பயிற்சியில் சிறிதுசிறிதாகச் சேர்பவை. ஆகவே அவற்றை முன்கூட்டியே அறியவும் தடுக்கவும் இயலும். பிள்ளை சொல்லும் வலியையும் சோர்வையும் வீட்டில் உள்ளோர் தொடக்கத்திலேயே கவனிப்பது இதற்கு இன்றியமையாதது. 10 முதல் 18 வயது வரையிலான ஓட்ட வீரர், வீராங்கனையரின் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் உதவும் வகையில் இப்பக்கம் அமைந்துள்ளது. பெருந்துறை வட்டாரச் சூழலுக்கேற்ற குறிப்புகளும் இதில் இடம்பெறுகின்றன.

கிராஸ் கன்ட்ரி ஓட்டம் என்றால் என்ன?

தடகள மைதானத்தில் அன்றி, புல்தரை, மண் பாதை, மேடு பள்ளம் ஆகியவற்றின் வழியே ஓடும் போட்டியே கிராஸ் கன்ட்ரி ஓட்டம் ஆகும். இதில் ஓடும் தொலைவு வயதுக்கேற்ப வரையறுக்கப்பட்டுள்ளது. தேசிய அளவிலான போட்டியில் 16 வயதுக்குட்பட்டோர் 2 கிலோமீட்டர் ஓடுகின்றனர். 18 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 6 கிலோமீட்டரும் மாணவியருக்கு 4 கிலோமீட்டரும், 20 வயதுக்குட்பட்டோருக்கு முறையே 8 மற்றும் 6 கிலோமீட்டரும் உள்ளன. பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் 14 வயதுக்குட்பட்டோருக்கு 600 மீட்டரே மிக நீண்ட ஓட்டமாகும்.

வளரும் உடல் தாங்கக்கூடிய பளுவுக்கு எல்லை உண்டு என்பதே இவ்வரையறைகளின் அடிப்படை. 2006 மே மாதம் ஒடிசாவில் புதியா சிங் என்னும் 4 வயதுச் சிறுவன் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவு ஓட வைக்கப்பட்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அதன்பின் அம்மாநில அரசு அச்சிறுவன் நெடுந்தொலைவு ஓடுவதற்குத் தடை விதித்தது. ஒரு பிள்ளையால் ஓட முடிகிறது என்பதனாலேயே அத்தொலைவு அப்பிள்ளைக்கு ஏற்றது என்று கொள்ளலாகாது.

வளரும் எலும்பின் தன்மை

பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் மிக விரைவாக உயரம் கூடுகின்றனர். இக்காலத்தில் எலும்பு முதலில் நீள்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து உறுதிப்படுவது சில மாதங்கள் பின்தங்கியே நிகழ்கிறது. தசையும் தசைநாணும் எலும்பின் நீளத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் இறுகி, எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பை இழுக்கின்றன. எனவே பிள்ளையின் கால்சட்டை திடீரெனக் குட்டையாகும் ஆண்டில் பயிற்சியைக் கூட்டுவதைவிட நிதானமாகக் கொண்டு செல்வதே நன்று.

அடிக்கடி காணப்படும் வலிகள்

- முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புப் புடைப்பில் வலி: முழங்கால் சிப்பிக்குச் சற்றுக் கீழே வீக்கமும் தொட்டால் வலியும் இருக்கும். வேகமாக வளரும் பருவத்தில் தோன்றும். பயிற்சியைக் குறைத்து, தொடைத் தசையைத் தளர்த்தும் பயிற்சிகளைச் செய்தால் பெரும்பாலும் தணியும்.
- குதிகால் வலி: ஏறத்தாழ 8 முதல் 14 வயது வரை காணப்படும். ஓடிய பின் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நடப்பது இதன் அடையாளமாகும்.
- முன்னங்கால் வலி: முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள முன்னெலும்பின் உட்புற விளிம்பில் விரல்கள் பலவற்றின் அகலத்துக்குப் பரவியிருக்கும். ஓட்டத்தின் தொடக்கத்தில் தோன்றி, உடல் சூடேறியதும் குறையலாம்.
- எலும்பில் மயிரிழை முறிவு: ஒரு விரல் நுனியால் சுட்டிக்காட்டும்படி ஓரிடத்தில் மட்டும் வலிக்கும். ஓட ஓட வலி கூடும். நாளடைவில் நடக்கும்போதும், பின்னர் இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். வலியுள்ள காலால் ஒற்றைக்காலில் குதிக்க இயலாது.

இறுதியாகக் கூறிய மயிரிழை முறிவே மிகுந்த கவனம் வேண்டுவது. நெடுந்தொலைவு நடந்த படைவீரர்களின் பாதத்தில் இத்தகைய பாதிப்பு 1855 ஆம் ஆண்டிலேயே மருத்துவ நூலில் பதிவாகியுள்ளது. முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்-ரே படத்தில் இம்முறிவு தெரியாமல் போகலாம். எனவே படத்தில் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் கொண்டு மீண்டும் ஓட அனுப்புதல் கூடாது. வலி தொடர்ந்தால் மருத்துவர் மீண்டும் எக்ஸ்-ரேயோ எம்.ஆர்.ஐ. பரிசோதனையோ பரிந்துரைப்பார். கணைக்கால் எலும்பின் சாதாரண மயிரிழை முறிவு ஆறு முதல் எட்டு வார ஓய்வில் பெரும்பாலும் குணமாகும். இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பில் ஏற்படும் முறிவு முழு முறிவாக மாறி அறுவைச் சிகிச்சை வரை செல்லக்கூடும். ஆதலால் ஓடும் பிள்ளை தொடையிடுக்கில் வலி என்று கூறினால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிள்ளைகள் வலியை ஏன் மறைக்கின்றனர்?

குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் எனப் பள்ளிப் போட்டிகள் படிப்படியாக நடைபெறுகின்றன. விளையாட்டு விடுதிச் சேர்க்கையும் உயர்கல்வி ஒதுக்கீடும் இவற்றில் பெறும் சான்றிதழைச் சார்ந்துள்ளன. ஒரு போட்டியைத் தவறவிட்டால் ஓராண்டு வீணாகும் என்ற அச்சம் பிள்ளைக்கு உண்டு. மேலும், கோடை விடுமுறையில் பயிற்சி இல்லாதிருந்து, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சில வாரங்களுக்குள் போட்டிக்குத் தயாராக வேண்டிய நிலையும் உண்டு. திடீரெனக் கூடும் இப்பளுவே பல காயங்களுக்குத் தொடக்கமாகிறது.

வலியைக் கூறினால் அணியிலிருந்து நீக்கப்படமாட்டோம் என்ற நம்பிக்கையைப் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியரும் பிள்ளைக்கு அளித்தல் வேண்டும். இரண்டு வாரம் ஓய்வெடுத்து ஒரு போட்டியை இழப்பது, முறிவு முற்றி ஓராண்டை இழப்பதைவிடச் சிறிய இழப்பே.

சோர்வும் இரத்தசோகையும்

முன்பு எளிதாக ஓடிய தொலைவில் மூச்சு வாங்குதல், நேரம் பின்தங்குதல், தலைச்சுற்றல், வெளிறிய கண் இமை ஆகியவற்றைச் சோம்பலாகக் கருதலாகாது. இவை இரத்தசோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். 2019-21 ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உள்ளது. நெடுந்தூரம் ஓடுவோர் வியர்வை வழியாகவும், பாதம் தரையில் மோதும்போது இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதாலும் மேலும் சிறிது இரும்புச்சத்தை இழக்கின்றனர்.

12 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையாமலும், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். இப்பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்குப் பின் தவறாமல் உட்கொள்ள வேண்டும். வெறுங்காலுடன் மண்ணில் ஓடும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழுத் தொற்று ஏற்பட வாய்ப்புள்ளதால், ஆண்டுக்கு இருமுறை அளிக்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையும் அவசியமானது.

உணவுப் பற்றாக்குறையும் மாதவிடாயும்

ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு கிடைக்காதபோது உடல் வளர்ச்சி, எலும்பின் உறுதி, மாதவிடாய், நோய் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றுக்கான செலவைக் குறைத்துக்கொள்கிறது. இதனை விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை நிலை என 2014 ஆம் ஆண்டு பன்னாட்டு ஒலிம்பிக் குழு வரையறுத்தது. இது ஆண் பிள்ளைகளையும் பாதிக்கும்.

அமெரிக்க வீராங்கனை மேரி கெய்ன் 2013 ஆம் ஆண்டு, தம் 17 ஆம் வயதிலேயே உலகத் தடகளப் போட்டியில் பங்கேற்றவர். எடையைக் குறைக்குமாறு தொடர்ந்து வற்புறுத்தப்பட்டதாகவும், மூன்றாண்டுகள் மாதவிடாய் நின்றுபோனதாகவும், ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019 ஆம் ஆண்டு அவரே வெளிப்படுத்தினார். மெலிந்தால் வேகம் கூடும் என்று வளரும் பிள்ளையிடம் கூறுவது எத்தகைய தீங்கை விளைவிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

15 வயது நிறைந்தும் பூப்பெய்தாதிருத்தல், அல்லது வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு மேல் வராதிருத்தல் ஆகிய இரண்டும் மருத்துவ ஆலோசனைக்கு உரியவை. கடும் பயிற்சியில் இது இயல்பே என்று விட்டுவிடுதல் தவறு.

உணவைப் பொறுத்தவரை விலையுயர்ந்த சத்துமாவுகள் தேவையில்லை. பின்வருவன போதுமானவை:

- பயிற்சிக்கு அரை மணி நேரத்துக்கு முன்: ஒரு வாழைப்பழம் அல்லது சிறிதளவு கடலை மிட்டாய்.
- பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள்: முழுமையான காலை உணவு. இட்லி, தோசையுடன் முட்டை அல்லது சுண்டல். கம்பங்கூழ் அல்லது ராகிக் களியுடன் கீரை, தயிர்.
- பிற வேளைகளில்: அரிசியும் பருப்பும் சேர்ந்த சாதம், கொள்ளு, பச்சைப்பயறு, நிலக்கடலை, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, பால், மீன்.
- இரும்புச்சத்து உடலில் சேர, உணவுடன் நெல்லிக்காய், கொய்யா அல்லது எலுமிச்சை. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர், காபி தவிர்க்கப்பட வேண்டும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கானது. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதிகாலையில் ஓடிவிட்டு உண்ணாமலே வகுப்புக்குச் செல்லும் நிலை ஏற்படாதவாறு, காலை உணவை டப்பாவில் கட்டிக் கொடுத்தனுப்புதல் நலம்.

பயிற்சியை வகுத்தல்

1. வாரத்தில் குறைந்தது ஒரு நாள், இயன்றால் இரு நாள் முழு ஓய்வு வேண்டும்.
2. தொலைவையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டக் கூடாது. ஏதேனும் ஒன்றைச் சிறிதளவு கூட்டி, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பளுவைக் குறைத்தல் நன்று.
3. பெரும்பாலான ஓட்டங்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் அமைய வேண்டும். கடும் பயிற்சி வாரத்துக்கு இருமுறைக்கு மேல் வேண்டாம்.
4. ஆண்டில் இரண்டு, மூன்று மாதங்கள் ஓட்டப் பயிற்சியிலிருந்து விடுபட்டுக் கபடி, நீச்சல் போன்ற வேறு விளையாட்டுகளில் ஈடுபடலாம்.
5. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. அதிகாலை 5 மணிக்கு எழ வேண்டுமெனில் இரவு 9 மணிக்குள் உறங்கச் செல்ல வேண்டும்.
6. நெடுஞ்சாலையோரத் தார்ச் சாலையைத் தவிர்த்து, மைதானத்தையோ போக்குவரத்தில்லாத மண் பாதையையோ தேர்ந்தெடுக்கவும். வாய்க்கால் கரையில் ஓடுவோர் தனியாகவோ இருட்டிலோ செல்லலாகாது.

வெறுங்காலுடன் ஓடிப் பழகிய பிள்ளைக்குப் புதிய காலணியைப் போட்டிக்கு முந்தைய நாள் வாங்கித் தருதல் கூடாது. சில வாரங்களுக்கு முன்பே பழக்க வேண்டும். முள்ளும் கல்லும் குத்தும் வாய்ப்புள்ளதால் 10 மற்றும் 16 வயதில் போட வேண்டிய டிடி தடுப்பூசி போடப்பட்டுள்ளதா எனப் பார்த்துக்கொள்ளவும்.

வெப்பம்

ஈரோடு மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடப்பதுண்டு. இம்மாதங்களில் காலை 7 மணிக்குள் பயிற்சியை முடித்தல் நல்லது. விடுமுறைக்குப் பின் வெயிலில் ஓடத் தொடங்கும்போது உடல் பழகுவதற்கு 10 முதல் 14 நாள்கள் ஆகும். தண்ணீருடன் உப்பிட்ட நீர்மோரும் அருந்தலாம்.

ஓடும் பிள்ளை தள்ளாடினாலோ, பொருந்தாமல் பேசினாலோ, உடல் கொதிக்க மயங்கி விழுந்தாலோ அதனை வெப்பத்தாக்கு எனக் கருதி 108 ஐ அழைக்கவும். ஊர்தி வரும்வரை காத்திராமல் உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஈரத்துணியாலோ பனிக்கட்டியாலோ கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களைக் குளிர்விக்கவும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்கலாகாது.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

உடனடியாக:

- ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுதல், நெஞ்சுவலி, நெஞ்சு படபடப்பு
- தொடையிடுக்கில் வலி, காலை ஊன்ற இயலாமை
- கடும் தசைவலியுடன் சிறுநீர் கரும்பழுப்பு நிறமாதல்

சில நாள்களுக்குள்:

- எலும்பில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, இரவில் எழுப்பும் வலி
- இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, எடை குறைதல்
- ஓடிய பின் இருமல், மூச்சிரைப்பு
- மாதவிடாய் தவறுதல்

குடும்பத்தில் எவரேனும் 50 வயதுக்குள் திடீரென இறந்திருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கூறி இதயப் பரிசோதனை பற்றிக் கேட்டறிய வேண்டும்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். எலும்பு, குழந்தைநலம், மகப்பேறு ஆகிய சிறப்புப் பிரிவுகளின் ஆலோசனைக்குப் பெருந்துறையிலுள்ள அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் பிள்ளையின் வலியைத் தெரிவிக்கலாம். ஐயங்களுக்கு 104 என்னும் சுகாதார உதவி எண்ணை அழைக்கவும்.

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போட்டியன்று மட்டும் வலி மாத்திரை கொடுத்து ஓட விடலாமா?
கூடாது. மாத்திரை வலியை மறைக்குமே தவிர முறிவை ஆற்றாது. வெயிலில் நீரிழப்புடன் ஓடும்போது சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஓய்வுக்குப் பின் எப்போது மீண்டும் ஓடலாம்?
வலியின்றி அரை மணி நேரம் வேகமாக நடக்கவும், ஒற்றைக்காலில் குதிக்கவும் இயன்ற பின், மருத்துவரின் ஒப்புதலுடன் தொடங்கலாம். முதலில் ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என மாற்றி மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும். வலி திரும்பினால் முந்தைய படிக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவு இடர் இருந்தால் ஓட்டத்தையே நிறுத்திவிடலாமா?
வேண்டியதில்லை. அளவான ஓட்டம் இதயத்தையும் எலும்பையும் வலுப்படுத்தும்; மனத்துக்கும் நல்லது. உணவு, உறக்கம், ஓய்வு ஆகிய மூன்றும் ஓட்டத்துக்கு ஈடாக அமைந்தால் பிள்ளை பல ஆண்டுகள் நலமுடன் ஓடலாம்.

*இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.*