வாரத்தில் ஒரு நாள் மருந்து

தில்லி கரோல் பாகில் நாம் அறிந்த மூதாட்டி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், மூட்டுவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையை உட்கொண்டார். வாரம் ஒரு நாள் உண்ண வேண்டியதை நாள்தோறும் உண்டுவிட்டார். வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குன்றி, மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். சீட்டில் பிழையில்லை, படித்ததில்தான் பிழை.

இம்மருந்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1920-களின் இறுதியில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டுச் சாறு அதனைத் தீர்க்கக் கண்டார். அச்சாற்றில் இருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923-இல் பாஸ்டன் சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அறுவைக் கூடத்தில் கதர் அங்கி அணிந்தமையால் முழுப் பட்டம் கிட்டாமற் போனவர் அவர் என்பர். 1940-இல் அவர் சேர்ந்த லெடர்லே நிறுவனத்தில் ஃபோலிக் அமிலமும், உருவில் அதனை ஒத்துச் செயலில் அதனைத் தடுக்கும் பொருள்களும் ஆக்கப்பட்டன. அவற்றுள் அமினோப்டெரின் என்பதை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்ததில், 10 பேருக்கு நோய் சிறிது காலம் தணிந்ததென 1948-இல் சிட்னி ஃபார்பர் அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் மறைந்தார்.

அமினோப்டெரினின் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்சேட். குறைந்த அளவில் அது நோயெதிர்ப்பின் சீற்றத்தைத் தணிக்கும். மூட்டுவாதத்துக்கு அதனை அமெரிக்கா 1988-இல் ஏற்றது. விரைந்து பெருகும் அணுக்களே அதற்கு முதலில் இலக்காகும்; வாயின் உட்தோலும் எலும்பு மச்சையும் அத்தகையவை. அவை தேறுவதற்கே இடையில் ஆறு நாள் ஓய்வு. மருந்து உண்ணாத நாளில் ஃபோலிக் அமிலமும் தருவர். எதை எதிர்க்கப் பிறந்ததோ, அதுவே துணை! இரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் மூன்றையும் தவணைதோறும் சோதிப்பர். மருந்து சிறுநீரக வழியே வெளியேறுவதால், முதியோர்க்கு அச்சோதனை மிகவும் இன்றியமையாதது. வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் கண்டால் அடுத்த வேளைக்குக் காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். கருவுற்றோர்க்கு இம்மருந்து ஆகாது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஓர் உறுத்தல். பஞ்சாங்கத்தில் வாரம் என்பது கிழமை. இந்தியில் மங்கள்வார் என்பதும் கிழமையே. நம் பேச்சிலோ வாரம் என்றால் ஏழு நாள். உண்ணும் கிழமையையே பெயர் சொல்லிக் குறிக்குமாறு ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. மூதாட்டிக்கு மருத்துவர் மீண்டும் அம்மருந்தைத் தொடங்கியபோது, பெட்டியின்மேல் ‘செவ்வாய்க்கிழமை மட்டும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்தோம்.