கல்லில் உறையும் கானகம்

பொருநைக் கரையின் தொன்மையைப் பேசும்போது நாம் ஆதிச்சநல்லூரில் தொடங்கிச் சிவகளையில் நின்றுவிடுவது வழக்கம். 1876இல் செருமானியரான யாகோர் அகழ்ந்த தாழிக்காடும், சிவகளைத் தாழியொன்றில் கிடைத்துக் கி.மு. 1155 எனக் காலம் கணிக்கப்பட்ட நெல்லும் நமக்குப் பெருமிதம் தருவன. அந்நெல்லின் அகவை ஏறத்தாழ 3,200 ஆண்டுகள். ஆனால் மனிதன் காலூன்றுமுன் தமிழ் மண்ணில் நின்ற காடுகளுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க நாம் நெல்லையை விட்டு வடக்கே செல்ல வேண்டும்.

திருவக்கரையும் சாத்தனூரும்

விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ளது திருவக்கரை. ஞானசம்பந்தர் பாடிய தலம். வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். இவ்வூரருகே செம்மண் மேட்டில் ஏறத்தாழ இருநூறு கல்மரங்கள் கிடக்கின்றன. தேவியால் வதைக்கப்பட்ட அசுரனின் எலும்புகள் இவை என்பது ஊரார் வழங்கும் கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இயற்கையியலர் சொன்னெரா இவற்றைப் பற்றி எழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் காப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக இவ்விடம் விளங்குகிறது. இம்மரங்களின் அகவை சுமார் இரண்டு கோடி ஆண்டுகள்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இன்னும் பழமையான அடிமரம் ஒன்று உள்ளது. அதன் நீளம் 18 மீட்டர். 1940இல் இதனை உலகுக்கு அறிவித்தவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். அது கிரிட்டேசியஸ் காலத்தது. அந்நாளில் அப்பகுதி கடலாக இருந்தது. கரையிலிருந்து அடித்து வரப்பட்ட மரம் கடற்படிவில் அமிழ்ந்து கல்லாயிற்று.

மரம் கல்லாகும் விதம்

வீழ்ந்த மரம் மட்குவதே இயற்கை. வெள்ளம் அதனை இழுத்துச் சென்று மணலிலும் சரளையிலும் ஆழப் புதைத்துவிட்டால் காற்று புகாமையால் மட்குதல் தடைப்படும். நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் மெல்லப் படியும். மரப்பொருள் சிதையச் சிதைய அதன் இடத்தைக் கல் பற்றிக்கொள்ளும். நீர் சென்ற குழாயும் பிசின் ஊறிய நாளமும் வடிவம் குலையாமல் நிலைத்துவிடும். கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் கண்டால், அம்மரம் எக்குடும்பத்தைச் சார்ந்தது என அறிஞர் உரைப்பர்.

திருவக்கரை மரங்களில் கிளையில்லை, வேரில்லை, பட்டையுமில்லை. ஆதலின் அவை அங்கே வளர்ந்தவை அல்ல, எங்கோ மேட்டுக் காட்டில் நின்று, பேராற்று வெள்ளத்தில் உருண்டு வந்து ஒதுங்கியவை என்பது ஆய்வாளர் முடிபு.

கல்லின் உறவினர்

அம்மரங்களின் குலத்தை நோக்கினால் நெல்லையார்க்கு வியப்புக் காத்திருக்கிறது. திருவக்கரை, புதுவை வட்டாரக் கல்மரங்களுள் மருதமரத்தின் குடும்பம் உண்டு. பாபநாசம் தொட்டுப் பொருநைக் கரையில் நிழல் பரப்புவதும், ஒரு திணைக்கே பெயர் ஈந்ததும் அம்மருதமே. வெள்ளைக் குங்கிலியத்தின் குடும்பமாகிய டிப்டிரோகார்ப் மரங்களும் அங்கே கல்லாகியுள்ளன. இன்று தென்னிந்தியாவில் இக்குடும்பத்தின் பெருமரங்கள் செழித்து நிற்பது மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில்தான். பொதிகை அவற்றுள் தலையாயது. பூவாது விதை தரும் போடோகார்ப் இனத்தை ஒத்த மரமும் திருவக்கரையில் உண்டு. அவ்வினத்தின் எஞ்சிய வழித்தோன்றல் ஒன்று அகத்தியமலைச் சோலைகளில் இன்னும் வாழ்கிறது.

இதனால் பெறப்படுவது யாது? இன்று முட்புதர் மண்டிய கீழைச் சமவெளியின் பக்கம், இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் மழை மிகுந்த காடு இருந்தது. காலநிலை மாற, அக்காடு அங்கே மறைந்தது. அதன் சுற்றம் மேற்கு மலைகளில் தங்கிப் பிழைத்தது. திருவக்கரையில் கல்லாய்க் கிடப்பதன் உயிருள்ள உறவைப் பொதிகையில் காண்கிறோம்.

எஞ்சும் கேள்வி

நெல்லையில் இத்தகைய கல்மரக் காடு இல்லாமைக்குக் காரணம் உண்டு. நம் மலையும் அதன் அடிவாரமும் பெரும்பாலும் பழமையான கடும்பாறை. மரத்தை ஆழப் புதைத்துக் காக்கும் மணற்படிவு அங்கில்லை. மழைக்காட்டுச் சரிவில் வீழும் மரத்தைக் கறையானும் பூஞ்சையும் சில ஆண்டுகளில் மண்ணாக்கிவிடும். எனவே பொதிகைக் காடு அழியுமாயின் அது கல்லாகக்கூட மிஞ்சாது.

1988இல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தது; 2016இல் அகத்தியமலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களுள் இடம்பெற்றது. இவை வேண்டுவனவே. எனினும் ஒரு மொழிச் சமூகம் தன் காட்டைக் காப்பதற்கு முதலில் அதன் மரங்களைப் பெயர் சொல்லி அறிதல் வேண்டும். கபிலர் பெயரால் வழங்கும் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்கியது. பொதிகையின் காணி மக்கள் இன்றும் மரத்தைப் பெயரிட்டே சுட்டுவர். நாமோ நம் கவிதைகளில் ‘மரம்’ என்ற ஒரே சொல்லில் ஒரு காட்டையே அடக்கிவிடுகிறோம்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வற்றாத பொருநையைப் பாடுங்கால், அதை வற்றாமற் காக்கும் மரங்களையும் பெயர் சொல்லிப் பாடுக. கல்மரத்தின் பெயரைக் கண்டறிய நுண்ணோக்கி வேண்டும். பொதிகை மரத்தின் பெயரை, அது நின்றுகொண்டிருக்கும்போதே, காணி முதியவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.