மருந்து மரபியல்

மருந்து மரபியல் என்பது, பெற்றோரிடமிருந்து ஒருவருக்கு வந்த மரபணுக்கள் அவர் எடுத்துக்கொள்ளும் மருந்தின் பலனையும் பக்கவிளைவையும் எப்படி மாற்றுகின்றன என்பதை ஆராயும் துறை. தனிநபர் மருத்துவத்தின் முக்கியக் கிளை இது. வயது, எடை, கல்லீரல் மற்றும் சிறுநீரகத்தின் நிலை, உடன் எடுக்கும் பிற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர்களின் நெடுநாள் வழக்கம். அவற்றோடு மரபணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது இத்துறை. வழக்கமான அளவு என்பது பலரிடம் சோதித்துக் கண்ட சராசரி. அந்தச் சராசரிக்குள் அடங்காதவரை, மருந்து கொடுப்பதற்கு முன்பே கண்டறிவதுதான் இதன் நோக்கம்.

அடிப்படை

மரபணு மாறுபாடு முக்கியமாக மூன்று வழிகளில் மருந்தைப் பாதிக்கிறது. முதலாவது, மருந்தைச் சிதைக்கும் நொதிகள். இவை மெதுவாக இயங்கினால் மருந்து உடலில் தேங்கி நஞ்சாகும். வேகமாக இயங்கினால் பலன் தருமுன் வெளியேறிவிடும். இரண்டாவது, மருந்து போய்ச் சேரும் இலக்குப் புரதம். அதன் அமைப்போ அளவோ மாறினால் தேவைப்படும் மருந்தின் அளவும் மாறும். மூன்றாவது, நோய் எதிர்ப்பு அமைப்பு. சில மாறுபாடுகள் உள்ளவர்களின் உடல், மருந்தையே பகையாகக் கருதித் தாக்குதலில் இறங்குகிறது.

வரலாறு

பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட், உடலின் வேதிவினைகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதும் அவ்வேறுபாடு பரம்பரையாக வருவதும் உண்டு என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். மலேரியாவுக்கான பிரைமாகுவின் சிலருக்கு மட்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பதற்கு, ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடே காரணம் என்பது 1956இல் தெரியவந்தது. மருந்தின் வேண்டாத விளைவுகளுக்கும் மரபுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க மரபியலாளர் ஆர்னோ மோட்டல்ஸ்கி 1957இல் தொகுத்து விளக்கினார். 1959இல் ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் ஃபோகல் இத்துறைக்குப் பெயர் சூட்டினார்.

சென்னையின் காசநோய் ஆய்வுகள்

1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இத்துறையின் தொடக்க காலத்திலேயே பங்களித்தது. காசநோய் மருந்தான ஐசோனியசிடைக் கல்லீரலில் உள்ள நாட்2 என்ற நொதி செயலிழக்கச் செய்கிறது. இந்த வேகத்தைத் தென்னிந்திய நோயாளிகளிடம் அளந்து 1961இல் வெளியான ஆய்வு, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவாகச் சிதைப்பவர்கள் என்று காட்டியது. இவர்களிடம் மருந்து தேங்குவதால் கைகால் எரிச்சலும் மதமதப்பும் வரும் வாய்ப்பு அதிகம்; வைட்டமின் பி6 சேர்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்கலாம். தினமும் மருந்து எடுக்கும்போது வேகமாகச் சிதைப்பவர்களும் நன்றாகவே குணமடைந்தனர். வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்த சிகிச்சையில் அவர்கள் பின்தங்கினர். ஒரே மருந்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை தருவது என்பதில்கூட மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதை இந்த ஆய்வுகள் உணர்த்தின.

சக்சினைல்கோலினும் ஆரிய வைசியரும்

அறுவைச் சிகிச்சைக்கு முன் மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து சக்சினைல்கோலின். இரத்தத்தில் உள்ள பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இதை உடைத்துவிடுவதால், சில நிமிடங்களில் நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்குவார். அந்த நொதி இல்லாதவருக்குத் தசைகள் பல மணி நேரம் செயலற்றுக் கிடக்கும். அதுவரை செயற்கைச் சுவாசம் கொடுத்து, மயக்கமும் கலையாமல் காக்க வேண்டும். இல்லையேல் நினைவு திரும்பியும் விரலைக்கூட அசைக்க முடியாத கொடுமைக்கு அவர் ஆளாவார்.

தென்னிந்தியாவின் ஆரிய வைசிய சமூகத்தில் இக்குறைபாடு மற்றவர்களைவிட அதிகம். நொதியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் அமைந்திருப்பதே காரணம் என்று கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2006இல் தெரிவித்தது. தலைமுறைகளாகச் சமூகத்துக்குள்ளேயே மணம் முடிப்பதால் இம்மாறுபாடு நிலைத்திருக்கிறது. அன்றாட வாழ்வில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழியில் வெளியேறும் ரோகுரோனியம் போன்ற மருந்தைத் தேர்ந்துகொள்வார்.

பிற எடுத்துக்காட்டுகள்

வலி நிவாரணியான கோடீனை உடல்தான் மார்ஃபினாக மாற்றிக்கொள்கிறது. அதைச் செய்யும் சிஒய்பி2டி6 நொதி வேலை செய்யாதவருக்கு வலி குறைவதில்லை. அளவுக்கு மீறி இயங்குபவருக்கு மார்ஃபின் பெருகி மூச்சு ஒடுங்கலாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் அறிவித்தது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரப்படும் குளோபிடோக்ரலும் உடலுக்குள் சென்ற பிறகே செயல் பெறுகிறது. சிஒய்பி2சி19 நொதி குன்றியவருக்கு அது போதிய பாதுகாப்புத் தருவதில்லை. தமிழரிடையே புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில் இக்குறை ஐரோப்பியரைவிட அதிகமாகக் காணப்பட்டது.

வலிப்பு மருந்தான கார்பமசெபைனால் தோல் கொப்பளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்கு ஆளான 44 பேரைத் தைவானில் ஆராய்ந்தபோது, அனைவரிடமும் எச்எல்ஏ-பி*15:02 மாறுபாடு இருந்தது. 2004இல் இது வெளியானது. பின்னர் அங்கு 4,877 பேரைப் பரிசோதித்து, மாறுபாடு உள்ளவர்களுக்கு அம்மருந்தைத் தவிர்த்தபோது ஒருவருக்கும் அந்நோய் வரவில்லை.

புற்றுநோயில் நிலைமை சற்று வேறு. அங்கே பெரும்பாலும் பார்க்கப்படுவது பிறவி மரபணு அல்ல, கட்டியின் செல்களில் பின்னாளில் தோன்றிய மாற்றம். ஹெர்2 புரதம் மிகுந்த மார்பகப் புற்றுக்கு டிராஸ்டுசுமாப் 1998இலும், நாள்பட்ட இரத்தப் புற்று ஒன்றுக்கு இமாடினிப் 2001இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

நடைமுறையும் இடைவெளியும்

இரத்தத்திலோ உமிழ்நீரிலோ இருந்து டிஎன்ஏவைப் பிரித்துப் பரிசோதனை செய்யப்படுகிறது. பிறவி மரபணு மாறாதது என்பதால் ஒருமுறை கிடைத்த முடிவு ஆயுள் முழுதும் பயன்படும். ஐரோப்பாவின் 7 நாடுகளில் 12 மரபணுக்களை முன்கூட்டியே பார்த்து மருந்து கொடுத்தபோது, குறிப்பிடத்தக்க பக்கவிளைவுகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக 2023இல் வெளியான ஆய்வு கூறியது.

ஆனால் யாரிடம் ஆய்வு நடந்ததோ அவர்களுக்கே அதன் பலன் முதலில் கிடைக்கிறது. இரத்தப் புற்றுக்கான மெர்காப்டோபியூரின் வெள்ளணுக்களைக் கடுமையாகக் குறைப்பதற்கு டிபிஎம்டி மரபணுவே காரணம் என ஐரோப்பிய ஆய்வுகள் நெடுங்காலம் கூறிவந்தன. ஆசியரிடம் நுட்15 என்ற வேறொரு மரபணு முக்கியம் என்பது 2014இல் வெளியான கொரிய ஆய்வுக்குப் பிறகே தெளிவானது. இந்தியாவில் 10,000 பேரின் முழு மரபுத்தொகுதியை வாசித்த ஜீனோம்இந்தியா திட்டம் இவ்வகையில் இன்றியமையாதது. சமூகத்தின் பெயரோ நாட்டின் பெயரோ எச்சரிக்கைக்கு மட்டுமே உதவும். முடிவைத் தரவேண்டியது அந்த நோயாளியின் சொந்த மரபணு.

பரிசோதனை வசதி எட்டாத ஊர்களிலும் ஒன்று செய்யலாம். குடும்பத்தில் யாருக்காவது ஒரு மருந்தோ மயக்க ஊசியோ கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அந்த மருந்தின் பெயரை எழுதிவைத்து, அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் புது மருந்து தொடங்கும்போதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.